ஹோட்டல் லைன் ஆட்களுக்கென்று நைட் கிளப்பில் ஒரு இரவு: எப்படி நடத்துவது?

கேள்வி இதுதான்: "நாங்கள் ஒரு நைட் கிளப் நடத்துகிறோம். வெள்ளியும் சனியும் கூட்டம் தாங்காது. ஞாயிறும் திங்களும் ஈ ஓட்டுகிறோம். ஹோட்டல், ரெஸ்டாரண்ட், பார் ஊழியர்களுக்காக வாரத்தில் ஒரு இரவை ஒதுக்கலாம் என்று யோசனை. எந்த நாள் வைப்பது, என்ன சலுகை கொடுப்பது, ஆட்களை எப்படி வரவழைப்பது, இதில் காசு நிற்குமா?"

காசு நிற்கும். ஆனால் அன்றைய கல்லாவை மட்டும் எண்ணிப் பார்த்தால் நிற்காதது போலத்தான் தெரியும். இந்த இரவின் வருமானம் பெரும்பாலும் அடுத்த வெள்ளி, சனியில்தான் வந்து சேரும். வெளியூரிலிருந்து வந்து ஹோட்டலில் தங்குகிற ஒருவர், "ராத்திரி எங்கே போகலாம்?" என்று யாரைக் கேட்பார்? ரிசப்ஷனில் நிற்பவரை, பாரில் ஊற்றிக் கொடுப்பவரை, கார் கதவைத் திறந்துவிடுபவரை. அவர்கள் வாயிலிருந்து வரும் ஒரு பெயருக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. பெரிய ஹோட்டல்களில் கோட்டின் கழுத்துப் பட்டியில் இரண்டு தங்கச் சாவிகளை அணிந்திருக்கும் கன்சியர்ஜ்களை, அதாவது விருந்தினருக்கு வழிகாட்டும் ஊழியர்களைப் பார்த்திருப்பீர்கள். 'லெ கிளே தோர்' என்ற அவர்களுடைய சங்கம் 1929இல் பாரிஸில் தொடங்கியது. எங்கே போகலாம் என்று விருந்தினருக்குச் சொல்வதே அவர்கள் தொழிலின் பெரும்பகுதி. ஒருவர் தனக்குப் பிடித்த இடத்தைத்தான் மனசார அடுத்தவருக்குச் சொல்வார். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாள் முழுக்க மற்றவர்களை உபசரித்துவிட்டு வருகிறவரை, ஒரு ராத்திரியாவது வேறு யாராவது ஒழுங்காக உபசரிக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். மலிவு விலை இதில் இரண்டாம் பட்சம்.

முதலில் நாளும் நேரமும். 'ஞாயிறா திங்களா' என்று உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். சுற்றியிருக்கும் இருபது, முப்பது இடங்களுக்குப் போய், எந்த நாள் விடுமுறை, சமையலறை எத்தனை மணிக்கு மூடுகிறது, கடைசி ஆள் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும் ரெஸ்டாரண்ட்கள் அதிகம் என்றால், அவர்களுக்கு ஞாயிறு இரவுதான் சனிக்கிழமை. பெரும்பாலும் ஹோட்டல் ஊழியர்கள் என்றால் அவர்களுக்குப் பொது விடுமுறை என்று ஒன்று கிடையாது, ஷிஃப்ட்தான். அங்கே திங்களும் செவ்வாயும்கூட ஓடும். திங்கட்கிழமை அரசு விடுமுறையாக வரும் வாரங்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிடுங்கள். அன்றைக்கு ஞாயிறு இரவு சாதாரண சனிக்கிழமை போல ஆகிவிடும். ஊழியர்கள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், உங்கள் இடத்திலோ பொதுமக்கள் கூட்டம் இருக்கும். அந்த வாரம் மட்டும் நாளைத் தள்ளி வையுங்கள்.

நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கி, பதினொன்று வரை இலவச நுழைவு என்று போஸ்டர் அடிப்பார்கள். பதினொன்றுக்குத்தான் சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பார் ஊழியர் வெளியே வர இன்னும் நேரமாகும். இரவு பதினொன்றுக்குக் கதவைத் திறந்து, பன்னிரண்டரைக்கு மேல் கூட்டம் சேரும் என்று திட்டமிடுங்கள். கடைசியாக வருபவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே சலுகை கிடைக்க வேண்டும். 'முன்னால் வந்தால்தான் மலிவு' என்ற முறை, அதிக நேரம் வேலை செய்தவரைத் தண்டிப்பது. உங்கள் லைசென்ஸ் ஞாயிறன்று சீக்கிரம் மூடச் சொன்னால், அந்த நாளை விட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்காக யாரும் வேலை முடிந்து ஓடிவர மாட்டார்கள்.

சரி, சலுகைக்கு வருவோம். பாதி விலை என்று சொல்ல வாய் துடிக்கும். கணக்கைப் பாருங்கள். ஒரு டிரிங்கின் விலை 100 என்றும், அதில் சரக்குக்கு ஆகும் செலவு 20 என்றும் வைத்துக்கொள்வோம். முழு விலையில் உங்களுக்கு மிஞ்சுவது 80. பாதி விலையில் 50க்கு விற்று 20 செலவு போக 30. பழைய 80ஐ எடுக்க இரண்டரை மடங்குக்கு மேல் விற்க வேண்டும். அத்தனை கிளாஸ், அத்தனை ஐஸ், அத்தனை கை வேலை. கூடவே அத்தனை போதையும். கால்வாசி குறைத்து 75க்கு விற்றால் 55 மிஞ்சுகிறது. அங்கே ஒன்றரை மடங்குக்குள் விற்றாலே பழைய நிலை வந்துவிடும். எல்லாவற்றிலும் தள்ளுபடி கொடுப்பதைவிட, இந்த ஆட்கள் உண்மையில் வாங்குகிற மூன்று நான்கு பொருள்களில் மட்டும் நல்ல விலை வைப்பது மேல்.

அவர்கள் என்ன வாங்குவார்கள்? ராத்திரி முழுக்கப் பத்துப் படிகள் கொண்ட காக்டெயில் செய்தவர், தனக்கு ஒரு பியரும் பக்கத்தில் ஒரு ஷாட்டும் போதும் என்பார். 1845இல் மிலானில் பிறந்த ஃபெர்னெட் பிராங்கா என்ற கசப்பு மதுவைப் பல நாடுகளில் பார்டெண்டர்கள் தங்களுக்குள் வாங்கிக் கொடுத்துக்கொள்கிறார்கள். வேறு இடங்களில் வேறு பாட்டில் இருக்கும். உங்கள் பக்கம் அது என்ன என்று உங்கள் பார்டெண்டரிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். அதை நிறைய வாங்கி வையுங்கள். பெரிய காக்டெயில் பட்டியல் அன்றைக்கு வேண்டாம். இருக்கிற இரண்டு மூன்றைச் சுத்தமாகச் செய்தால் போதும், ஏனென்றால் குடிப்பவர்கள் எல்லோரும் கைப்பக்குவம் தெரிந்தவர்கள்.

விலை வைக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 'ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு இரவு மலிவு விலை' என்ற யோசனையே சில இடங்களில் செல்லாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1984லிருந்து 'ஹாப்பி அவர்' என்கிற குறிப்பிட்ட நேர மது விலைச் சலுகையைத் தடை செய்திருக்கிறது. அதே காலண்டர் வாரத்தில் வழக்கமாக வாங்கும் விலையைவிடக் குறைத்து ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ அங்கே விற்க முடியாது. ஸ்காட்லாந்தில் மது விலையை மாற்றினால் 72 மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். அயர்லாந்தில் 2021 ஜனவரியிலிருந்து மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ நீடிக்கும் விலைக்குறைப்புக்குத் தடை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், ஒரே கட்டணம்' என்கிற மாதிரி ஆஃபர்களுக்கு லைசென்ஸ் நிபந்தனையிலேயே கட்டுப்பாடு உண்டு. ஆகவே உங்கள் லைசென்ஸ் அதிகாரியிடமோ வக்கீலிடமோ, 'இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும், இந்த ஒரு இரவு, இந்த விலை' என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். மது கம்பெனி ஸ்பான்சர் செய்ய வந்தாலும் இதே கதைதான். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தபின் வந்த விதிகள், தயாரிப்பாளர் கடைக்காரருக்கு விலையுள்ள எதையும் இலவசமாகக் கொடுப்பதை இறுக்கமாகக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் நாட்டில் எப்படி என்று தெரிந்துகொண்டு கை நீட்டுங்கள்.

மதுவில் சலுகை தர முடியாது என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. இவர்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிற விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், இங்கேதான் உங்கள் பணத்தைப் போட வேண்டும்.

சாப்பாடு. மற்றவர்களுக்கு நாள் முழுக்கப் பரிமாறியவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார். மாலை ஷிஃப்டுக்கு முன் அவசரமாக விழுங்கியதுதான். அந்த வயிற்றில் நேராக மது போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இரவு ஒரு மணிக்கும் சூடாக ஏதாவது கிடைக்க வேண்டும். நிறைய வகை வேண்டாம், ஒன்றிரண்டு போதும், ஆனால் வயிறு நிறைய இருக்க வேண்டும். நுழைவோடு ஒரு தட்டு சாப்பாடு இலவசம் என்று அறிவித்துப் பாருங்கள். இலவச ஷாட்டுக்கு வருகிற கூட்டத்தைவிட நல்ல கூட்டம் வரும், அதிக நேரமும் இருக்கும். அதைச் சமைப்பவர் அக்கறையோடு சமைக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் சமையல்காரர்கள்.

உட்கார இடம். எட்டு, பத்து மணி நேரம் நின்ற கால்கள் அவை. விஐபி டேபிள் என்று கயிறு கட்டி வைத்திருக்கும் சோஃபாக்களை அன்றைக்கு அவிழ்த்துவிடுங்கள்.

சத்தம். சமையலறை எக்ஸாஸ்ட், பாத்திரச் சத்தம், ஆர்டர் கூவல் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வருகிறவர், முதல் ஒரு மணி நேரமாவது நண்பனோடு கத்தாமல் பேச ஆசைப்படுவார். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கும் கிளப்புகளுக்கும் ஒரு பாதுகாப்பு அளவுகோல் வெளியிட்டது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு தர அமைதியான பகுதி ஒன்று வேண்டும். இதை எல்லா இரவும் கடைப்பிடிப்பது நல்லது. இந்த இரவுக்கு இன்னும் கீழே தொடங்கி, ஒரு மணிக்கு மேல் மெல்ல ஏற்றுங்கள். டிஜேயிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: எல்லா ரெஸ்டாரண்ட்டிலும் வாரம் முழுக்க ஓடுகிற அதே பிளேலிஸ்ட் பாட்டுகள் வேண்டாம். நாலு நாளாக ஷிஃப்டில் நாற்பது தடவை கேட்ட பாட்டு வந்தால் அவர்களுக்கு வேலைதான் ஞாபகம் வரும்.

உடையும் பையும். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், வாசலில்தான் பெரிதாகும். வேலையிலிருந்து நேராக வருபவர் காலில் வழுக்காத ரப்பர் ஷூ இருக்கும், முதுகில் பை இருக்கும், உடம்பில் எண்ணெய் வாசனை இருக்கும். வழக்கமான டிரஸ் கோடைப் பிடித்துக்கொண்டு பவுன்சர் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவருடைய சமையலறையில் இருக்கும் அத்தனை பேரும் இனி வர மாட்டார்கள். அன்று டிரஸ் கோடு இல்லை. முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொள்ள ஓர் அறை இருந்தால் இன்னும் நல்லது. சமையல்காரர்கள் பலர் சொந்தக் கத்திகளைத் துணிப்பையில் சுருட்டிக் கூடவே கொண்டு போவார்கள். அந்தப் பையை வாசலில் திறந்து பார்க்கிற பவுன்சருக்கு முன்பே விவரம் தெரிந்திருக்க வேண்டும். கத்திப் பைகளை வாங்கி, எண் போட்ட டோக்கன் கொடுத்து, பூட்டிய அலமாரியில் வைத்து, வெளியே போகும்போது மட்டும் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு முறை வேண்டும். அவர் தள்ளாடிக்கொண்டு போனால் அன்றைக்குக் கொடுக்க வேண்டாம், மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளட்டும். பொது இடத்தில் கத்தி எடுத்துச் செல்வது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் வேறு. போலீஸ் கேட்டால் என்ன பதில் என்று பாதுகாப்பு மேற்பார்வையாளரோடு முன்பே பேசிவையுங்கள்.

அடுத்தது, உள்ளே வருகிறவர் உண்மையிலேயே இந்தத் தொழில்தானா என்று எப்படிப் பார்ப்பது? ஐடி கார்டு, பே ஸ்லிப், இந்த வார ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை), வேலை செய்யும் இடத்தின் யூனிஃபார்ம், எதுவானாலும் சரி என்று வையுங்கள். மது பரிமாறுபவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயமான இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் அப்படித்தான். அங்கே அந்தச் சான்றிதழே போதும். ஆனால் பாத்திரம் கழுவுபவரிடம் இதில் எதுவும் இல்லாமல் போகலாம். அவருக்காக இன்னொரு வழி இருக்க வேண்டும்: ஒவ்வொரு ரெஸ்டாரண்ட்டிலிருந்தும் வாரா வாரம் ஒருவர் பெயர்ப் பட்டியல் அனுப்புவது, அல்லது உடன் வரும் சக ஊழியர் 'இவர் எங்கள் ஆள்' என்று சொல்வது. பே ஸ்லிப்பில் சம்பளம் இருக்கும். பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், நகல் வைக்காதீர்கள். ஒரு முறை சரிபார்த்தவருக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்துவிட்டால் அடுத்த முறை வரிசை வேண்டாம். வயதுச் சான்று மட்டும் எல்லோருக்கும் எப்போதும் கட்டாயம், அதில் தாட்சண்யம் கிடையாது.

கூட ஒருவரை அழைத்து வர அனுமதியுங்கள். ஒருவருக்கு ஒருவர், அதற்கு மேல் வேண்டாம். கணவனோ மனைவியோ வேறு தொழிலில் இருக்கலாம், அவர்களைப் பிரித்து நிறுத்துவது அசிங்கம். ஆனால் வரம்பு இல்லாமல் விட்டால் மலிவுக்கு வருகிற கூட்டம் உள்ளே நிரம்பி, வாரம் முழுக்க வாடிக்கையாளர் முகத்தையே பார்த்தவர்கள் இங்கேயும் அதே முகங்களைப் பார்க்க வேண்டி வரும். அப்புறம் அவர்கள் வர மாட்டார்கள்.

இந்த மாதிரி இரவுகளில் நான் அடிக்கடி பார்க்கிற ஒரு குறையை இங்கே சொல்லிவிட வேண்டும். 'ஹோட்டல் ஊழியர்களுக்கு' என்று போட்டுவிட்டு, பார்டெண்டர்களையும் பெயர் தெரிந்த ஷெஃப்களையும் மட்டும் கொண்டாடுவார்கள். ஹவுஸ்கீப்பிங், லாண்டரி, பாத்திரம் கழுவுபவர், நைட் ஷிஃப்ட் ரிசப்ஷன், பார்க்கிங் ஆள், செக்யூரிட்டி, டெலிவரி பையன்கள் எல்லோரும் வெளியேதான் நிற்பார்கள். இது நியாயமும் இல்லை, வியாபார புத்தியும் இல்லை. அறையைச் சுத்தம் செய்பவரிடமும் பார்க்கிங் ஆளிடமும்தான் விருந்தினர் தயங்காமல் வழி கேட்பார். அழைப்பில் இந்த வேலைகளை எல்லாம் பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதாவிட்டால் அது தங்களுக்கில்லை என்று அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். பல சமையலறைகளில் இந்த வேலைகளைச் செய்பவர்கள் வேறு மொழி பேசுகிறவர்கள், அதனால் அழைப்பை அந்த மொழிகளிலும் அச்சிடுங்கள்.

ஆட்களைக் கூட்ட ஆன்லைன் விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிடக் காலால் நடப்பது பலன் தரும். மதிய வியாபாரம் முடிந்து மாலை வியாபாரம் தொடங்கும் முன்னால், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே போங்கள். நிறைய இடங்களில் ஊழியர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரம் அது. முதலில் மேனேஜரிடம் பேசி, அனுமதியோடு ஊழியர் அறைப் பலகையில் ஒரு தாளை ஒட்டுங்கள். இரவு எட்டு மணிக்கு, ஆர்டர் குவியும் நேரத்தில் ஒரு கட்டு நோட்டீஸோடு போய் நிற்கிறவர், தனக்கு இந்தத் தொழில் தெரியாது என்பதைத் தானே அறிவித்துக்கொள்கிறார். மேனேஜர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: 'கிளப்காரன் என் ஆட்களைத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்வான்.' அந்த இரவில் வேலைக்கு ஆள் எடுக்கும் பேச்சே கிடையாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மறுநாள் காலை ஆட்கள் வேலைக்கு வராமல் போவார்களோ என்பது அடுத்த பயம். கடைசி டிரிங்க் மூடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நின்றுவிடும், சாப்பாடு உண்டு, வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாடு உண்டு என்று சொன்னால் பாதிப் பயம் குறையும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு ரெஸ்டாரண்ட்டை அன்றைய சிறப்பு விருந்தினராக அழைப்பது நன்றாக வேலை செய்கிறது. அந்தக் குழுவுக்கு ஒரு பெரிய மேஜை, அவர்களில் பாட்டுப் போடத் தெரிந்த ஒருவருக்கு ஒரு மணி நேர டிஜே செட். சமையலறையில் நல்ல டிஜேக்கள் ஒளிந்திருக்கிறார்கள். டிரே தூக்கி ஓடும் போட்டி, வேகமாக ஊற்றும் போட்டி எல்லாம் எப்போதாவது ஒரு முறை சரி. வாரா வாரம் வைத்தால், வேலையை விட்டு வந்தவரை மறுபடி வேலை செய்யச் சொல்வது மாதிரி ஆகிவிடும். பண்டிகைக் காலம் முழுக்க மற்றவர்களின் பார்ட்டிகளுக்கு வேலை செய்கிற இவர்களுக்குச் சொந்த ஆண்டுவிழா கொண்டாட நேரமே கிடைக்காது. சீசன் ஓய்ந்ததும் அந்த விழாவை உங்கள் இடத்தில் நடத்த முன்பதிவு எடுங்கள். உங்களுக்கும் அது மந்தமான நேரம்தான்.

இனி சொல்லப்போவதை யாரும் போஸ்டரில் போட மாட்டார்கள், ஆனால் இந்த இரவை நடத்துகிறவருக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. அமெரிக்க அரசின் போதை மற்றும் மனநலச் சேவைகள் அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையில், 2008 முதல் 2012 வரையிலான தரவுகளை வைத்து முழுநேர ஊழியர்களைத் துறைவாரியாகப் பார்த்தார்கள். மது, போதைப் பழக்கத்தால் கோளாறு உள்ளவர்களின் விகிதம் தங்கும் விடுதி, உணவுத் துறையில்தான் அதிகம்: 16.9 சதவீதம். சட்டவிரோத போதைப்பொருள் பயன்பாட்டிலும் அந்தத் துறையே முதலிடம், 19.1 சதவீதம். அதாவது நீங்கள் அழைக்கிற கூட்டத்தில் குடியோடு போராடிக்கொண்டிருப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். குடியை விட்டவர்களும் இருப்பார்கள். அங்கே இந்தத் தொழில் ஆட்களுக்காகவே 2016இல் 'பென்ஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்ற ஆதரவுக் குழு தொடங்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான். இலவச ஷாட்டை மையமாக வைத்து இந்த இரவை நடத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நடைமுறையில் இதைச் செய்வது கஷ்டமில்லை. ஆல்கஹால் இல்லாத நல்ல பானங்கள் நான்கைந்து பட்டியலின் மேல் பாதியில், அதே மாதிரி கிளாஸில், அதே கவனத்தோடு இருக்கட்டும். வரவேற்பு பானம் என்று ஒன்று கொடுத்தால் மது உள்ளதா இல்லாததா, எது வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். 'ஏன் குடிக்கவில்லை?' என்று யாரையும் உங்கள் ஊழியர் கேட்கக் கூடாது. தண்ணீர் எல்லா மூலையிலும், கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

போதும் என்று நிறுத்தும் வேலையைப் பார்டெண்டர் தலையில் கட்டாதீர்கள். எதிரே நிற்பவர் அவருடைய பழைய ஷிஃப்ட் லீடராக இருக்கலாம், நாளைக்கு வேலை கேட்டுப் போக வேண்டிய இடத்தின் மேனேஜராக இருக்கலாம். தொழில் தெரிந்தவர்களுக்கு மறுப்பைத் தாண்டும் வழிகளும் தெரியும்: நண்பனை அனுப்பி வாங்குவது, கிளப்புக்குள்ளேயே வேறு பாருக்குப் போவது. அதனால் மறுக்கும் பொறுப்பு அன்றைய மேனேஜர் ஒருவருக்கு. பார்டெண்டர் கண் காட்டினால் போதும், மேனேஜர் வந்து பேசுவார். எல்லா பாருக்கும் உடனே தகவல் போக வேண்டும். தொல்லை கொடுப்பவர் விஷயத்திலும் இப்படித்தான். ஒரே சமையலறையின் மூத்தவரும் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் ஒரே இடத்தில் குடித்துக்கொண்டிருக்கிற இரவு இது. புகார் சொல்ல ஒரு பெண் ஊழியர் யார் என்று கழிவறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். தவறு செய்தவர் எவ்வளவு பெரிய ஷெஃப் என்றாலும் வெளியே அனுப்புங்கள். ஒரு முறை அப்படி அனுப்பினால் அந்தச் செய்தி எல்லாச் சமையலறைக்கும் போய்விடும், பெண்கள் நம்பி வருவார்கள்.

போட்டோகிராஃபர் வேண்டாம். வேலையிடத்து யூனிஃபார்மோடு கையில் கிளாஸ் வைத்திருக்கும் ஒரு படம் ஒருவர் வேலையைக் காலி செய்துவிடலாம். படம் வேண்டுமானால் ஒரு மூலையில் தனியாக ஓர் இடம் வையுங்கள், விருப்பப்பட்டவர் போய் நிற்கட்டும். வண்டி ஏற்பாடு என்று முன்பு சொன்னேன். மூன்று மணிக்கு பஸ் இருக்காது, டிப்ஸ் பணம் பையில் இருக்கும், உடம்பு களைத்திருக்கும். டாக்சி நிறுவனம் ஒன்றோடு பேசி, மூடும் நேரத்தில் வாசலில் வண்டிகள் நிற்கும்படி செய்யுங்கள். ஒரே திசையில் போகிறவர்களைச் சேர்த்து அனுப்பும் வேலையை வாசலில் நிற்பவர் செய்யலாம்.

பலன் வருகிறதா என்று எப்படி அறிவது? அன்றைய விற்பனையில் செக்யூரிட்டி, டிஜே, கூடுதல் சம்பளம், சாப்பாடு, சுத்தம் செய்வது எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். நஷ்டமில்லாமல் ஓடினாலே அது நல்ல இரவு. அதற்கு மேல், வெள்ளி சனியில் வாசலில் ஒரே ஒரு கேள்வி: "எங்களைப் பற்றி யார் சொன்னார்கள்?" பதிலை இடத்தின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்காவது நிறுத்தாமல் நடத்துங்கள், ஏனென்றால் ரோஸ்டர் சுற்றி வந்து எல்லோருக்கும் ஒரு முறையாவது அந்த இரவு ஓய்வு கிடைக்க அவ்வளவு காலம் வேண்டும். இரண்டாவது வாரம் கூட்டம் குறைவாக இருந்ததைப் பார்த்துப் பயந்து மூடிவிட்டு, மறுபடி தொடங்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். விருந்தினரை அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பல ஹோட்டல்களில் ஊழியர் அதை வாங்கினால் வேலை போகும். பணத்துக்காகச் சொன்ன பரிந்துரையை விருந்தினரும் மோப்பம் பிடித்துவிடுவார். அதற்குப் பதிலாக, அவர் பெயரைச் சொல்லி வந்த விருந்தினரை நன்றாகக் கவனித்து அனுப்புங்கள். மறுநாள் அந்த விருந்தினர் போய் அவருக்கு நன்றி சொல்வார். அது அவருக்கு வேலையில் நல்ல பெயர்.

கடைசியாக, உங்கள் சொந்த ஊழியர்கள். அவர்களும் இதே தொழில்தான், இந்தக் கொண்டாட்டத்தில் அவர்கள் மட்டும் வேலை செய்கிறார்கள். நல்ல டிப்ஸ் விழும் இரவு என்பதால் முதலில் ஆர்வமாக வருவார்கள். ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவு தொடர்ந்து அதே ஆட்களைப் போட்டால் ஒரு மாதத்தில் முகம் வாடிவிடும், உபசாரமும் அதோடு போய்விடும். சனி இரவு வேலை செய்தவருக்கு இந்த இரவு வேண்டாம். சுழற்சியில், முறை இல்லாதவர்கள் விருந்தினராக உள்ளே வரட்டும், அதே சாப்பாடு, அதே விலை. இலவசமாகக் கொடுக்கும் டிரிங்குக்கு ஒவ்வொரு பார்டெண்டருக்கும் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கை சொல்லி, பில்லிங் மெஷினில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நண்பர்கள் எதிரே நிற்கும் இரவில் அளவு தெரியாமல் ஊற்றுவதைத் தடுக்க அது போதும், யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியமும் வராது. முதல் எட்டு வாரத்துக்கான ரோஸ்டரை, போஸ்டர் அடிப்பதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.